சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே பதினான்கு நாள்

சுண்ணாம்பக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் விழுந்தபோது வயது இருபத்து நான்கு. முட்டைக் கோழிப் பண்ணையில் பதிவேடு எழுத வந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. காலையில் ஷெட் ஷெட்டாகப் போய், இன்று எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம் தின்றன, எத்தனை செத்தன என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அதோடு நின்றிருந்தால் பட்டப்பெயரும் வந்திருக்காது, சொல்வதற்குக் கதையும் இருந்திருக்காது.

மாதம் ஒருமுறை வரும் கால்நடை டாக்டர், ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஒரு தொட்டியில் கிருமிநாசினி கலந்து வைத்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை அதில் முக்கிய பிறகுதான் யாரும் உள்ளே போக வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். டாக்டரின் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதும் தலையாட்டலும் நின்றுபோனது. பதிவேட்டுக்காரி மட்டும் தினமும் தண்ணீர் மாற்றி, மருந்து ஊற்றி, வாசலில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் கோடு இழுத்து வந்தாள். சாவு எண்ணுகிறவள் அவள்தானே. வெளியாட்கள் அதிகம் புழங்கும் ஒன்றாம் ஷெட்டில்தான் சாவும் அதிகம் என்பது முதல் வாரத்திலேயே அவள் கண்ணில் பட்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் முதலாளி ஒரு விருந்தாளியோடு வந்தார். காலில் வெள்ளை ஷூ. ஒன்றாம் ஷெட்டுக்குள் நுழையப்போனவரை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஐயா, காலை இதுல முக்கிட்டு வாங்க."

முதலாளி ஷூவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொட்டியில் மருந்துத் தண்ணீர் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது.

"என் பண்ணைக்குள்ள போறதுக்கு நான் உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"உங்க பண்ணைங்கறதாலதாங்கய்யா சொல்றேன்."

விருந்தாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் காரியத்தைக் கெடுத்தது. முதலாளி வந்த காலோடு திரும்பிக் காரில் ஏறிப் போய்விட்டார். தீவனம் போடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள்; வேலை போய்விட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளும் சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். ஒரு வாரம் எந்தச் சேதியும் இல்லை. எட்டாம் நாள் முதலாளி தனியாக அவள் வீட்டுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். உள்ளே இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்; ஒன்று அவருக்கு, மற்றது அவளுக்கு. அவளுடையது இரண்டு அளவு பெரியது. முனையில் துணியை அடைத்துக்கொண்டு ஒன்பது வருடம் அதைத்தான் போட்டாள்.

சுண்ணாம்பக்கா என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். கேலி எப்போது மரியாதை ஆனது என்று யாருக்கும் தெரியாது. பிற்பாடு டாக்டரே மருந்துச் சீட்டின் தலைப்பில் 'சுண்ணாம்பக்கா கவனத்துக்கு' என்று எழுத ஆரம்பித்தார்.

அவளுக்கு வேலை பிடிபட்டது கொஞ்சம் பார்த்து, கொஞ்சம் பட்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தால் உயிரோடு இருக்கிற ஐயாயிரத்தின் சேதி தெரிந்துவிடும். கிடங்குக்குப் பின்னால் இருந்த சிமென்ட் மேடையில் டாக்டர் கத்தியை எடுத்தால், முகம் சுளிக்காமல் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஈரலில் புள்ளி, குடலில் ரத்தம், மூச்சுக்குழலில் சளி, எதற்கு எது காரணம் என்று கேட்டுக் கேட்டு, பதிவேட்டின் பின்பக்கங்களை நிரப்பினாள். பிறகு காதைப் பழக்கினாள். மாலை விளக்கு அணைந்ததும் ஷெட்டுக்கு நடுவில் ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐயாயிரம் கோழிகள் அடங்குகிற அந்த முணுமுணுப்பில் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு தும்மல் கேட்டால் போதும். மறுநாள் காலை அந்த மூலைக்குத்தான் முதலில் போவாள்.

குஞ்சு வரும் நாள் என்றால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. முந்தின நாளே அறையைச் சூடாக்கி, தரையில் உமி பரப்பி, அதன்மேல் தாள் விரித்து, தண்ணீர்க் குவளைகளை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பாள். பெட்டி திறந்ததும் ஒரு குஞ்சை எடுத்து அதன் காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கால் சில்லென்று இருந்தால் அறையில் சூடு போதாது. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் புழுக்கம். எல்லாம் ஒரே மூலைக்கு ஓடினால் எங்கேயோ ஒரு சந்தில் காற்று நுழைகிறது. தரையில் இறைத்த தானியம்போல ஒரே சீராகப் பரவியிருந்தால்தான் அவள் போய்ச் சாப்பிடுவாள்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொல்லுவாங்க. ஆனா குஞ்சு மிதிச்சுக் குஞ்சு சாகும். அதைத் தடுக்கத்தான் நமக்குச் சம்பளம்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் மீசை. மேலுதட்டில் பத்து முடி முளைத்த நாளிலிருந்து அதை முறுக்கிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பஸ்தன். கை நல்ல சுத்தம், வாய்தான் ஓயாது. நாலாம் ஷெட்டை அவனிடம் கொடுத்தபோது, கோழிகளோடும் அவன் பேசிக்கொண்டே இருப்பான் என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். பேசட்டும், கோழி பதறாமல் இருக்கிறதே என்றாள் சுண்ணாம்பக்கா.

லாரிக்காரர் வந்தது அவள் நான்கு ஷெட்டுக்கும் பொறுப்பாகி ஒரு வருடம் கழித்து. பதினொரு பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப் போகிற லாரி அது. அவள் கணக்கில், பதினொரு பண்ணை நோயும் அதன் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கேட்டில் சக்கரம் முங்குகிற அளவுக்குத் தொட்டி கட்டவைத்திருந்தாள். லாரியை மேலிருந்து கீழ்வரை மருந்தடித்துக் கழுவிய பிறகுதான் கிடங்கு வாசல்வரை விடுவாள். டிரைவர் மட்டும் கீழே இறங்கவே கூடாது.

"எங்கம்மாகூட என்னை இப்படித் தேய்ச்சுக் குளிப்பாட்டினதில்லைங்க" என்றார் அவர் முதல் நாள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. அவள் சிரிக்கவில்லை. பின்சக்கரத்தில் மண் ஒட்டியிருக்கிறது, இன்னொரு தரம் அடியுங்கள் என்று ஆட்களிடம் சொன்னாள்.

மூட்டை இறக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் அவர் மேலே, இவள் கீழே. எந்தப் பண்ணையில் என்ன வியாதி, எங்கே கோழி தீவனம் தின்னவில்லை என்று அவர் பேச்சுவாக்கில் சொல்வதெல்லாம் அவளுக்குப் பயன்பட்டது. முதலில் அதற்காகத்தான் பேசினாள். பிறகு வியாதியே இல்லாத வாரங்களிலும் இருபது நிமிடம் போதாமல் போயிற்று. மூன்று வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் கடைசி மூட்டை இறங்கிய பிறகும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"கீழ இறங்கி நின்னு கேக்கணும்னுதான் ஆசை. நீங்க விடமாட்டீங்க. அதனால மேல இருந்தே கேக்கறேன்" என்றார்.

என்ன கேட்கப்போகிறார் என்பது மூட்டை தூக்குகிறவர்களுக்கே தெரிந்திருந்தது. அவள் காது சிவந்துபோய், லாரியை எடுக்கச் சொன்னாள். அடுத்த வாரம் லாரி வந்ததும் அவளாகவே ஜன்னலருகே போனாள்.

"வீடு மெயின் ரோட்டுப் பக்கமாப் பாருங்க. நீங்க பதினொரு பண்ணை சுத்தற ஆளு, பண்ணைக்குள்ள குடியிருக்க முடியாது."

அதுதான் அவள் சொன்ன சம்மதம். லாரிக்காரர் அதைச் சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மெயின் ரோட்டில் இரண்டு அறை வீடு. முன் அறை ஜன்னலைத் திறந்தால் பண்ணையின் கூரைகள் தெரியும். தினமும் பண்ணைக்குள் நுழைந்ததும் அவள் குளித்து, அங்கேயே வைத்திருக்கும் துணியை மாற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள். வீட்டில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டினால்கூடக் கணவரை ஏணி போட்டுக் கலைக்க வைப்பாள். ஒரு மகள் பிறந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும், வளர்க்க ஒரே ஒரு குஞ்சு கேட்டு அழுதாள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் பறவை வளர்க்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். அம்மாவே மீற முடியுமா? எங்கள் அம்மாவிடம் இருபதாயிரம் கோழி இருக்கிறது, எனக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் மகள் சொல்லித் திரிந்தாள்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது அந்த வியாதி வந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பண்ணை இருந்தது. அங்கே முதல் நாள் நாற்பது, மறுநாள் முந்நூறு என்று கோழிகள் விழுகின்றன என்ற சேதியை லாரிக்காரர்தான் கொண்டுவந்தார். கழுத்து முறுக்கிக்கொள்கிறது, பச்சையாகக் கழிகிறது என்றார். வெள்ளைக்கழிச்சல்; நுழைந்த பண்ணையையே காலிசெய்துவிடும் கோழிக் கொள்ளைநோய். சுண்ணாம்பக்கா அன்றைக்கே உள்ளே இருந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், இருக்கிறவர்கள் சேதி அடங்கும்வரை வெளியே போக முடியாது என்றாள். ஒருவரும் போகவில்லை. ஒரு பலகையில் கரியால் எழுதிக் கேட்டில் மாட்டினாள்: 'வெளியே போனவர் பதினான்கு நாள் கழித்தே உள்ளே வரலாம். யாராக இருந்தாலும்.'

மூன்று ஷெட்டுக் கோழிகளுக்குத் தடுப்பூசி சரியாகப் போட்டிருந்தது. நாலாம் ஷெட்டில் இருந்தவை இன்னும் முட்டைக்கு வராத இளம் கோழிகள், ஆறாயிரம். அவற்றுக்கு அடுத்த தவணை மருந்து அந்த வாரக் கடைசியில்தான். காத்திருக்க நேரமில்லை. டாக்டர் ஐஸ் பெட்டியில் மருந்துக் குப்பிகளை அனுப்பிவைத்தார். அவர் நோய் கண்ட பண்ணைக்குப் போய் வருகிறவர் என்பதால் அவருக்கும் கேட் திறக்கவில்லை. அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் விடிந்ததிலிருந்து வெளிச்சம் போகும்வரை மூன்று பேர் பிடிக்க, மூன்று பேர் கண்ணில் சொட்டுவிட, அவள் ஐஸில் மருந்தைக் கலந்து கலந்து கொடுத்தாள். கலந்த மருந்து ஒரு மணி நேரம்தான் தாங்கும். சொட்டு கண்ணில் விழுந்து கோழி ஒருமுறை இமைக்கும்வரை விடக் கூடாது. மருந்தில் நீலச் சாயம் இருந்ததால், வாயைத் திறந்து பார்த்து நாக்கு நீலமாக இருந்தால்தான் கணக்கு. இரண்டாம் நாள் முடிவில் ஆறு பேருடைய விரல்களும் நீலம், மீசையின் மீசையும் நீலம்.

லாரிக்காரர் மற்றப் பத்துப் பண்ணைகளின் ஓட்டத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, இந்தப் பண்ணைக்கு மட்டும் லாரி ஓட்டினார். கழுவிய லாரியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, மூட்டைகளை வெயிலில் இறக்கிவிட்டுப் போவார். உள்ளே இருப்பவர்கள் நாள் முழுக்கக் காயவிட்டு எடுத்துக்கொள்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பழையபடி இருபது நிமிடம், இடையில் கேட்டை வைத்துக்கொண்டு பேசினார்கள்.

ஆறாம் நாள் அவர் லாரி இல்லாமல் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கேட்டருகே ஓடினாள்.

"பாப்பாவுக்கு வயித்துவலி. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன். குடல்வால்னு சொல்றாங்க. சாயங்காலம் ஆபரேஷன்." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ வரணும்னு நான் சொல்லல. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அவளுக்குப் பின்னால் இருபதாயிரம் கோழிகள் இருந்தன. நாலாம் ஷெட்டில் மருந்து பிடித்ததா இல்லையா என்பது இனிமேல்தான் தெரியும். ஆஸ்பத்திரியோ நகரத்தில், உயிர்க்கோழி விற்கும் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில். போனால் பதினான்கு நாள். அவள் திரும்பி மீசையைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். பதிவேட்டை அவனிடம் கொடுத்தாள்.

"நான் என்ன பண்ணுவனோ அதைப் பண்ணு" என்றாள்.

"அதைத்தானேக்கா பத்து வருஷமாப் பண்றேன்" என்றான் மீசை.

மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தவள், அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கேட்டைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டாள். மூன்று நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மறுநாள் விடிந்ததும் சுண்ணாம்பக்கா குளித்து, துவைத்த துணி உடுத்திக்கொண்டு, கேட்டில் போய் நின்றாள். அவளுக்கே பலகை தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான்கு நாளாகக் கோழியைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை, சந்தைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை, குளித்தாயிற்று, இன்னொரு தரமும் குளிக்கிறேன் என்று மீசையிடம் அடுக்கிக்கொண்டே போனாள்.

மீசை கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு பொறுமையாகக் கேட்டான். தரையில் அன்று காலை போட்ட சுண்ணாம்புக் கோடு கலையாமல் இருந்தது.

"அக்கா, பலகைல என்ன எழுதியிருக்கு?"

"நான்தான்டா எழுதினேன்."

"யாராக இருந்தாலும்னு எழுதியிருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் இரண்டும் கலந்து சிரிப்பாக வந்தது. ரோட்டோரம் கிடந்த காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அதுவே அவளுடைய ஆபீஸ். காலை ஏழு மணிக்கு வாளியில் வந்து உட்காருவாள். மீசை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பதிவேட்டைப் பார்த்து உரக்கப் படிப்பான்: ஒன்றாம் ஷெட் இரண்டு, இரண்டாம் ஷெட் ஒன்று, மூன்றாம் ஷெட் இல்லை, நாலாம் ஷெட் நான்கு. தண்ணீர் எவ்வளவு குடித்தன, தீவனம் மிஞ்சியதா, எச்சம் என்ன நிறம் என்று அவள் கேட்கக் கேட்க அவன் சொல்வான். ஒருமுறை எச்சத்தைக் காகிதத்தில் எடுத்துவந்து கம்பி வழியாகக் காட்டினான். ரோட்டில் சைக்கிளில் போனவர்கள் இந்தக் கூத்தைப் பார்த்து நின்று நின்று போனார்கள்.

லாரிக்காரர் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். அவர் லாரிப் படியில், இவள் வாளியில். ஆறு மாதமாகப் பேச நேரமில்லாமல் கிடந்ததெல்லாம் அங்கே பேசினார்கள். பத்து மணிக்கு மேல் வீடு. மகள் தையல் ஆறப் படுத்திருப்பாள். அம்மா பகலில் வீட்டில் இருப்பது அவளுக்குப் புதுசு. எத்தனை கதை சொன்னாலும் போதவில்லை. பொத்தான்களை வைத்து ஆடும் ஒரு விளையாட்டை அவளே கண்டுபிடித்து, அதன் சட்டங்களை அம்மா தோற்கிற மாதிரி தினமும் மாற்றினாள். ஒருநாள் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க, சுண்ணாம்பக்கா யோசிக்காமல் மகளின் காலைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். மகளுக்குக் கூச்சம் தாங்காமல், சிரித்தால் தையல் வலிக்கும் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காலை மீசை படிக்கும்போது குரல் சரியில்லை. நாலாம் ஷெட் பதினொன்று. மறுநாள் பத்தொன்பது.

சுண்ணாம்பக்காவுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குழி தோண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. கழுத்து முறுக்கியிருக்கிறதா? இல்லை. பச்சையாகக் கழிகிறதா? இல்லை. தும்மல்? இருக்கிறது, நிறைய. கண்ணில் நுரை. அவள் மீசையின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்களும் ரத்தச் சிவப்பாக இருந்தன.

"உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு? அழுதியா?"

"இல்லக்கா. மூணு நாளா உள்ள போனாலே எரியுது. எல்லாருக்கும்தான். அசதின்னு நெனச்சோம்."

"படுதா எப்படி இருக்கு?"

மீசை தயங்கினான். வியாதி காற்றில் வருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, ஷெட்டின் கம்பிவலைச் சுவர்களில் தொங்கும் படுதாக்களில் வாய்க்கால் பக்கத்தவற்றை முழுக்க இறக்கி, கீழே கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மட்டும் எதற்கு என்று மறுபக்கத்தையும் இறக்கிவிட்டார்கள். ஆறாயிரம் கோழி, ஈர உமி, மூடிய ஷெட். கோழிக் கழிவிலிருந்து கிளம்பும் காட்டமான வாயு வெளியே போக வழியில்லாமல் கண்ணையும் நெஞ்சையும் அரித்துக்கொண்டிருந்தது. மருந்து போட்ட வாரத்தில் கோழிக்குக் கொஞ்சம் தும்மல் வருவது சகஜம்தான். அதன்மேல் இதுவும் சேர்ந்திருக்கிறது.

"தூக்கு. ரெண்டு பக்கமும் தூக்கு. முதல்ல மேல ஒரு அடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. ஈர உமியை வாரி வெளிய போட்டுட்டு, காஞ்சதைப் பரப்பு. ஓடு."

இறந்த கோழிகளில் இரண்டை இரட்டைப் பையில் கட்டிக் கொடுத்தான் மீசை. டாக்டரின் உதவியாளர் ரோட்டில் வந்து வாங்கிப் போனார். அன்று சாயங்காலம் டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டுப் பண்ணைக்குப் போன் செய்தார். மீசை ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடிவந்து, "அது இல்லையாம்க்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு டாக்டர் லைனில் காத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து திரும்ப ஓடினான். சுண்ணாம்பக்கா வாளியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லாரிக்காரர் படியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார். பிளாஸ்கின் மூடியில் டீ ஊற்றி நீட்டினார்.

மறுநாள் பத்து. அதற்கடுத்த நாள் ஐந்து. பிறகு பழையபடி இரண்டும் மூன்றும். பதினான்கு நாள் முடிந்து மீசை கேட்டைத் திறந்தபோது, ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். அவள் முதல் காரியமாகக் குளித்தாள், பூட்ஸை மாட்டினாள், நாலாம் ஷெட்டுக்குள் போய் நடுவில் நின்றாள். கோழிகள் அவள் பூட்ஸைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பண்ணைக்காரர் பல மாதம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. அவளுக்கு அதில் தன் கெட்டிக்காரத்தனம் என்று பெருமைப்பட எதுவும் தோன்றவில்லை. ஒரு வாரம் முன்பின்னாக இருந்திருந்தால் குழி இந்தப் பக்கம் என்பாள். மறு வருடம் அவர் மறுபடி குஞ்சு இறக்கியபோது, இவளே டாக்டரோடு உட்கார்ந்து அவருக்கு மருந்துத் தவணைப் பட்டியல் எழுதி அனுப்பினாள்.

நாலாம் ஷெட்டுக் கோழிகள் ஏழு வாரம் கழித்து முட்டைக்கு வந்தன. முதல் முட்டை எலுமிச்சம்பழ அளவுதான். மீசை அதைக் கழுவித் துடைத்து, பாப்பாவுக்கு என்று கொடுத்தனுப்பினான். மகள் அதைத் தின்ன மறுத்துப் புத்தக அலமாரியில் வைத்திருந்தாள்; வீடு நாறத் தொடங்கிய பிறகுதான் எல்லாருக்கும் அதன் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு இருபத்தொரு வருடம் அவள் அந்தப் பண்ணையை நடத்தினாள். முதலாளிக்கு வயதாகி, பண்ணை ஒரு பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. படுதாக்கள் போய் மூடிய ஷெட்கள் வந்தன; விசிறிகளும் ஈரத் திரைகளும் தாமாகவே ஓடின; காற்றில் என்ன வாயு எவ்வளவு என்று ஒரு பெட்டி சிவப்பு எழுத்தில் காட்டியது. அந்தப் பெட்டி அன்றைக்கு இருந்திருந்தால் நாற்பது கோழி பிழைத்திருக்கும் என்று அவள் அதைத் தடவிக் கொடுப்பாள். அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றாள். இப்போது நகரத்தில் மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள். மகள் பால் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். லாரிக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. சாகிற அன்றுகூட நர்ஸிடம், என் பெண்டாட்டி என்னைக் கீழே இறங்கவே விட்டதில்லை என்று குறை சொல்லிச் சிரிக்கவைத்தவர்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் துணி மடித்துக்கொண்டே சும்மா கேட்டாள்: போன நாளில் எதையாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் எதைக் கேட்பாய் என்று. சுண்ணாம்பக்கா யோசிக்கவே இல்லை. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பதினான்கு நாள் என்றாள்.

மகளுக்கு ஆச்சரியம். "கோழி செத்துக்கிட்டு இருந்த நாளாம்மா? நான் தையலோட கிடந்த நாளா?"

"ஆமா. முன்னாடி என் கோழிங்க. பின்னாடி லாரில உங்கப்பா. திரும்பிப் பார்த்தா நம்ம வீட்டு ஜன்னல்ல நீ. எல்லாரும் கூப்பிடு தூரத்துல இருந்தீங்க."

மகள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பிறகு, தனக்கும் அந்த நாட்கள் நினைவிருக்கிறது, ஆனால் அது பதினான்கு இல்லை, பத்துதான், பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்றாள். இல்லவே இல்லை, பலகையில் எழுதியவள் நான் என்றாள் அம்மா. வழக்கைத் தீர்க்க மீசைக்குப் போன் போட்டார்கள். மீசை இப்போது பேரன் பேத்தி எடுத்தவன்; மீசை முழுக்க வெள்ளை. அவன் சந்தேகமே இல்லாத குரலில் பதினாறு என்றான். அக்கா மேல் நம்பிக்கை இல்லாமல் இரண்டு நாள் தானே கூட்டிப் போட்டதாகவும், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னான். சுண்ணாம்பக்கா அவனைத் திட்ட ஆரம்பித்தாள். மகள் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது ஆறி ஆடை படியும்வரை அக்காவும் மீசையும் போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.